ஹலால் பலகையும் பின்கட்டும்

  

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் யாவர் மீதும் உண்டாவதாக!

நாம் ஆலிமல்லோம். சிறு வயதில் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றதுமே நம் கல்வி. மற்றவையெல்லாம் கல்லாவுக்குப் பின்னாலும் அடுப்புக்கு முன்னாலும் நின்று கற்றவை. ஆகவே மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவன், அதே தொழிலில் இருக்கும் தன் சகோதரர்களிடம் மனம் விட்டுப் பேசுவதாகவே இதனைக் கொள்ளுங்கள்.

நம் முன்னோர்கள் இந்த மண்ணில் சோறு விற்ற விதத்தை எண்ணிப் பாருங்கள். பினாங்குத் துறைமுகத்திலே, காவுத்தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறு முனையில் ஆணத்தையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து சென்றார்கள். அப்படித் தடியில் சுமப்பதற்கு மலாய் மொழியில் கண்டார் என்று பெயர். நாசி கண்டார் என்னும் பெயர் பிறந்தது அதனாலேதான். அன்று வாங்குகிறவன் கண் முன்னே சட்டி இருந்தது. சட்டியில் கிடந்தது என்ன என்பதும் தெரிந்தது. பரிமாறுகிறவன் கையும் தெரிந்தது. மறைக்க ஓரிடமும் இல்லை.

இன்று அல்லாஹ்வின் கிருபையால் தோளில் சுமந்த தொழில் கடையாக உயர்ந்திருக்கிறது. மின்விசிறி, கண்ணாடிப் பெட்டி, பெயர்ப்பலகை எல்லாம் வந்திருக்கின்றன. அவற்றோடு பின்கட்டு என்ற ஒன்றும் வந்திருக்கிறது. சட்டி கழுவுவது அங்கே. கோழி அரிவது அங்கே. மீந்ததை எடுத்து வைப்பதும் அங்கே. வாங்குகிறவன் கண்ணுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் முன்வாசலில் தொங்கும் ஹலால் பலகை ஒன்றுதான்.

சகோதரர்களே! அந்தப் பலகையைப் பற்றித்தான் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

திருமறையில் அல்பகரா சூராவின் 168-ஆம் வசனத்திலே அல்லாஹு தஆலா மனிதர்கள் அனைவரையும் விளித்து, பூமியில் உள்ளவற்றில் எவற்றை உண்ண வேண்டும் என்று கூறும்போது இரண்டு சொற்களைச் சேர்த்தே சொல்கின்றான். ஒன்று ஹலால், மற்றொன்று தையிப். ஹலால் என்றால் ஆகுமானது. தையிப் என்றால் நல்லது, தூய்மையானது. முதற் சொல்லைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டோம். இரண்டாவது சொல்லை எங்கே வைத்தோம்?

பிஸ்மில்லாஹ் சொல்லி முறைப்படி அறுத்த கோழி ஹலாலானதே. அதில் ஐயமில்லை. அதே கோழி வெயிலில் நான்கு மணி நேரம் கிடந்து, எலி ஓடிய மேடையிலே அரியப்பட்டு, கை கழுவாதவன் கையால் பரிமாறப்பட்டால் அது தையிப் ஆகுமா? அறுத்தவனுடைய தக்பீரால் வந்த சிறப்பை, அரிந்தவனுடைய அசுத்தத்தால் நாம் கெடுக்கலாமா?

கஹ்பு சூராவிலே குகைவாசிகளின் வரலாறு வருகிறது. நெடுங்காலம் உறங்கி விழித்த அந்த இளைஞர்களுக்குப் பசி எடுக்கிறது. தங்களிடமிருந்த வெள்ளிக் காசைக் கொடுத்து ஒருவரை ஊருக்குள் அனுப்புகிறார்கள். எதை வாங்கி வரச் சொன்னார்கள்? மலிவானதையா, ருசியானதையா? ஊரில் எவரிடத்தில் உணவு மிகத் தூய்மையாக இருக்கிறது என்று பார்த்து வாங்கி வரும்படியே சொன்னார்கள். உயிருக்கு அஞ்சி ஒளிந்திருந்தவர்களுக்கும் இந்தக் கவலை இருந்தது. இன்று நம் கடை வாசலில் காசை நீட்டி நிற்கும் ஒவ்வொருவரும் அந்தக் குகைவாசிகள் அனுப்பிய ஆளைப் போன்றவர்தாம். தூய்மையான உணவு இங்கே கிடைக்கும் என்று நம்பி வந்திருக்கிறார். அந்த நம்பிக்கை நம் கையில் ஓர் அமானிதம் அல்லவா?

இனி, எம் கடையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிறருக்குப் படிப்பினையாகட்டும் என்று சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு கடை அடைக்கும் வேளையில் ஒரு தேக்சாவில் பாதிக்குக் குறையாமல் சோறு மீந்து கிடந்தது. சட்டி கழுவும் தம்பி, "முதலாளி, இதைக் கொட்டிவிடவா?" என்று கேட்டான். அரிசி விற்கும் விலையை நினைத்து, "வேண்டாம் தம்பி, மூடி வை. காலையில் நாசி கோரெங்குக்கு ஆகும்" என்றோம். குளிர்பெட்டியில் இடமில்லை. சோறு இரவெல்லாம் மேடை மீதே இருந்தது. காலையில் முகர்ந்து பார்த்தோம், வாடை இல்லை. சட்டியில் இட்டுப் புகை கிளம்ப வறுத்தோம். இத்தனை சூட்டில் எந்தக் கிருமி பிழைக்கும் என்ற எண்ணம்.

நாள்தோறும் வரும் மலாய்க்காரர் ஒருவர், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர், தம் மகனுக்காக ஒரு பொட்டலம் வாங்கிச் சென்றார். பையனுக்கு ஏழு வயது. இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கத் தொடங்கினான். மருத்துவமனைக்குக் கொண்டு சென்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், மறுநாள் எழுந்துவிட்டான்.

அன்று மாலை அந்தத் தகப்பனார் கடைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று அஞ்சினோம். அவர் சத்தம் போடவில்லை. "காலையில் உங்கள் கடைச் சோறு ஒன்றுதான் சாப்பிட்டான்" என்று மட்டும் சொன்னார். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "பள்ளிக்கூடத்தில் வேறு ஏதாவது வாங்கித் தின்றிருப்பான்" என்றோம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இஷா தொழுகையில் நிற்கும்போது எதை ஓதினோம் என்றே நினைவில்லை. மதரஸாவில் உஸ்தாது சொல்லிக் கொடுத்த ஹதீஸ்தான் மனத்தில் நின்றது. நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கையில் அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வினவ, மழை பட்டுவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. அந்த வணிகர் கலப்படம் செய்யவில்லை; களவும் செய்யவில்லை. கெட்டுப்போனதை அடியில் வைத்தார், அவ்வளவே. கண்ணாடிப் பெட்டியில் இன்றைய பொரியலை மேலே பரப்பி, நேற்றையதை அடியில் வைக்கும் நாம் யார்?

மூன்று நாட்கள் கழித்து அவர் வீட்டுக்குச் சென்று உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மன்னித்தேன்" என்றார். இன்றும் நம் கடைக்கு வருகிறார். ஆனால் முன்போல் கேட்காமல் வாங்குவதில்லை. ஒவ்வொரு நாளும், "இது இன்று சமைத்ததா?" என்று கேட்டுவிட்டே வாங்குகிறார். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாளும் பதில் சொல்வதே நமக்குக் கிடைத்த தண்டனை. அதுவே நமக்குக் கிடைத்த ரஹ்மத்துமாகும்.

பின்னர் நகராண்மைக் கழகத்தின் சுகாதார அலுவலர் ஒருவர் நமக்கு விளக்கிச் சொன்னார். சமைத்த சோற்றில் பசில்லஸ் சீரியஸ் என்னும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் உயிரோடு இருக்கும். கொதிநீரும் அவற்றைக் கொல்லாது. சோறு வெளியே ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி ஒருவித நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகலாம். அது விட்ட நஞ்சு சாகாது. கையில் புண் உள்ளவனும் மூக்கைத் துடைத்துவிட்டுக் கை கழுவாதவனும் தொட்ட பண்டத்தில் வளரும் கிருமிக்கும் இதே குணம் உண்டு. ஆக, சூடு காட்டினால் சரியாகிவிடும் என்று நம் தொழிலில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது பாதி உண்மையே. பாதி உண்மையை நம்பி முழுச் சோற்றை விற்கலாகாது.

இதை விடப் பெரிய துயரம் ஒன்றையும் நாம் மறக்கலாகாது. 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூர் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில், இந்திய ரொஜாக் உண்டவர்களில் 150-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இரண்டு பெண்மணிகள் மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இந்திய ரொஜாக் நம் மக்கள் வளர்த்த தொழில். அதை ஹராம் என்று எவரும் சொல்லார். கடல் மீனிலும் இறாலிலும் நண்டிலும் இருக்கும் விப்ரியோ என்ற கிருமியே காரணம் என்று கண்டார்கள். பச்சை மீன் பொருள்களின் அசுத்தம் சமைத்த பண்டத்தில் கலந்திருக்க வேண்டும் என்பதே விசாரணையில் தெரிய வந்தது. நோக்கத்தில் தீமை ஏதும் இல்லை. ஆனால் போன உயிர்கள் திரும்பவில்லை.

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கோலாலம்பூர் பங்சாரில் ஓர் உணவகத்தின் பணியாளர்கள் பின்சந்தில் தேங்கிய நீரில் தட்டுகளைக் கழுவிய காட்சியை நாடே கைப்பேசியில் பார்த்தது. அந்தக் கடை மூடப்பட்டது. அன்று எல்லாரும் காறித் துப்பினார்கள். நம்மில் எத்தனை பேர் அன்றிரவே நம் பின்சந்துக்குப் போய்ப் பார்த்தோம்?

சகோதரர்களே! அந்தப் பணியாளர்களைத் திட்டுவது எளிது. இங்கேதான் முதலாளிகளாகிய நாம் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். தட்டுக் கழுவும் தம்பிக்குப் போதிய குழாயும் சவர்க்காரமும் கொடுத்தோமா? பதினான்கு மணி நேரம் நிற்கிறவனுக்கு நின்று கை கழுவ அவகாசம் கொடுத்தோமா? எல்லாவற்றுக்கும் மேலாக, வயிற்றுப்போக்குக் கண்ட நாளில் அவன் என்ன செய்கிறான்? விடுப்புக் கேட்டால் அன்றைய கூலியை நாம் பிடித்துக்கொள்வோம் என்று அவனுக்குத் தெரியும். ஊரில் உம்மாவும் பெண்டு பிள்ளைகளும் அவன் அனுப்பும் பணத்தை நம்பி இருக்கிறார்கள். ஆகையால் வாயைத் திறக்காமல் வேலைக்கு வருகிறான். அதே கையால் ரொட்டி மாவைப் பிசைகிறான். அவனுடைய ஒரு நாள் கூலியை மிச்சம் பிடித்த நாம், நூறு பேருடைய வயிற்றில் நோயை விதைக்கிறோம்.

பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதிலிருந்து அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள், தாங்க முடியாத சுமையை அவர்கள் மீது ஏற்றாதீர்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அருளிய உபதேசம் நாம் அறிந்ததே. நோயுற்ற பணியாளருக்குக் கூலியோடு விடுப்புக் கொடுப்பது தர்மம் மட்டுமன்று; அதுவே கடையின் முதல் சுத்தமாகும். தரையைத் தினமும் கழுவி என்ன பயன், இந்த ஒன்றைச் செய்யாவிட்டால்?

இனி, செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அறிந்தவையே, ஆயினும் நினைவூட்டல் முஃமின்களுக்குப் பயனளிக்கும்.

முதலாவது, கை. ஐவேளையும் உளூச் செய்யும் சமுதாயம் நாம். முழங்கை வரை கழுவி, விரல் இடுக்குகளையும் குடைந்து கழுவுகிறோம். அப்படிக் கழுவிய கையால் கல்லாவில் காசை எண்ணிவிட்டு, கழுவாமல் அதே கையால் ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் இடுகிறோம். தொழுகைக்கு ஒரு சுத்தம், சோற்றுக்கு ஒரு சுத்தமா? உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்து நீரில் விட வேண்டாம், இரவில் கை எங்கே கிடந்தது என்பது தெரியாது என்று தடுத்தது நம் மார்க்கம். காசு தொடுகிறவர் ஒருவர், சோறு தொடுகிறவர் மற்றொருவர் என்று பிரித்துவிடுங்கள். ஆள் இல்லையென்றால் இருபது விநாடி சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

இரண்டாவது, பச்சையும் சமைத்ததும் சேரக் கூடாது. கோழிக்கும் மீனுக்கும் ஒரு பலகை, ஒரு கத்தி. வெள்ளரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் வேறு பலகை, வேறு கத்தி. குளிர்பெட்டியில் பச்சை இறைச்சி கீழ்த்தட்டில், சமைத்தது மேல்தட்டில். மேசை துடைக்கும் துணியால் தட்டைத் துடைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, சூடும் குளிரும். ஆணம் 60 பாகைக்கு மேலே சூடாக இருக்க வேண்டும். அல்லது 5 பாகைக்குக் கீழே குளிராக இருக்க வேண்டும். இடைப்பட்ட சூடே கிருமிக்குக் கொண்டாட்டம். சமைத்ததை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மீந்ததைச் சிறு சிறு பாத்திரங்களில் பரப்பி விரைவாக ஆற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். அதைவிட மேல், அளவறிந்து சமைப்பது. இன்னும் மேல், கடை அடைக்குமுன் சூடாக இருக்கும்போதே ஏழை எளியவருக்குக் கொடுத்துவிடுவது. நாளைக்கு விற்கலாம் என்று வைத்துக் கெடுப்பதைவிட இன்றைக்கே ஸதகாவாகக் கொடுப்பதில் பரக்கத் உண்டு.

நான்காவது, மூடி. இரவில் பாத்திரங்களை மூடி வையுங்கள், மூட ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு குச்சியையேனும் குறுக்கே வையுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். எலியும் கரப்பானும் ஓடும் நம் பின்கட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான போதனை ஏது?

ஐந்தாவது, சட்டம். மலேசியாவில் 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி, உணவைக் கையாள்பவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசியும் உண்டு. சிலர் இதனை அதிகாரிகளின் தொல்லை என்று நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. அதிகாரி ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வருவார். இரு தோள்களிலும் இருந்து எழுதும் மலக்குகள் விடுப்பே எடுப்பதில்லை.

கடையைப் பற்றிச் சொன்னோம். வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊருக்கெல்லாம் சோறு போடும் நம்முடைய உடம்பு எப்படி இருக்கிறது? இரவு பன்னிரண்டு மணிக்குக் கடை அடைத்து வந்து, கறியும் நெய்ச்சோறுமாக வயிறு முட்ட உண்டு, அப்படியே படுக்கிறோம். பகலெல்லாம் பசிக்கும்போது ஒரு தே தாரிக், களைப்புக்கு ஒரு தே தாரிக், கூட்டாளி வந்தால் ஒரு தே தாரிக். அதில் டின் பாலின் இனிப்பு எவ்வளவு என்று எண்ணுவதில்லை. 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர், நீரிழிவு உள்ளவர்கள். சங்கக் கூட்டத்தில் நம்மைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அளவு வகுத்துத் தந்தார்கள். மலேசியச் சுகாதார அமைச்சும் தட்டை அளந்து காட்டுகிறது: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ இறைச்சியோ, அரைப் பங்கு காய்கறியும் பழமும். வீட்டுப் பெண்களிடம், "எண்ணெயைக் குறை, சர்க்கரையைக் குறை" என்று அதிகாரம் செய்வதை விட்டு, நாமே சற்று முன்னதாக வீடு திரும்பி, பிள்ளைகளோடு அமர்ந்து, கீரையும் மீனும் வைத்து உண்டால் அவர்களும் அவ்வழியே வருவார்கள். கடையிலும், இனிப்புக் குறைவாகக் கேட்பவருக்கு முகம் சுளிக்காமல் கலக்கிக் கொடுங்கள். சிங்கப்பூரில் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 30 முதல் கடையில் கலக்கிக் கொடுக்கும் பானங்களுக்கும் சர்க்கரை, கொழுப்பு அளவின்படி தர எழுத்து உண்டு. சட்டம் சொல்லும் வரை நாம் காத்திருக்க வேண்டுமா?

அன்புச் சகோதரர்களே! நாம் இறந்த பின் நம் பெயர்ப்பலகையை யாரோ கழற்றிவிடுவார்கள். ஹலால் பலகையும் கீழே இறங்கிவிடும். மஹ்ஷரிலே நம் கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று மறை கூறுகிறது. அங்கே பின்கட்டு என்று ஓர் இடம் இராது. எல்லாம் முன்கட்டுதான்.

ஆகையால் இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றிரவு கடை அடைக்குமுன் ஒரு வாடிக்கைக்காரரைப் போல நம் பின்கட்டுக்குள் நடந்து பாருங்கள். சட்டியைத் திறந்து பாருங்கள்; துணியை முகர்ந்து பாருங்கள்; கழுவும் தம்பியின் கையைப் பிடித்துப் பாருங்கள். நம் பிள்ளைக்கு இந்தச் சட்டியிலிருந்து அள்ளிக் கொடுப்போமா என்று நெஞ்சைக் கேளுங்கள். கொடுப்போம் என்று நெஞ்சு சொன்னால் அல்ஹம்துலில்லாஹ். தயங்கினால், அன்றிரவே வாளியையும் துடைப்பத்தையும் முதலாளியே கையில் எடுக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாகவும், நாங்கள் பிறருக்கு ஊட்டும் உணவைத் தூய்மையாகவும் ஆக்கி வைப்பாயாக! எங்கள் கவனக்குறைவால் துன்புற்றவர்களின் உள்ளங்களை எங்கள் மீது இரங்கச் செய்வாயாக! எங்கள் அடுப்படிகளிலும் எங்கள் பணியாளர்களின் உழைப்பிலும் பரக்கத் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.